அம்மாவின் கண்ணுக்கு எந்த ஸ்கேன் முதலில்?

கேள்வி: வேளச்சேரியில் எங்களோடு வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 69. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மூன்று வாரங்களுக்கு முன்பு, சமையலறை ஜன்னலின் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிவதாகச் சொன்னார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்க்கும்போதுதான் அப்படித் தெரிகிறதாம். ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துவிட்டு, மாகுலர் டிஜெனரேஷன் போல் இருக்கிறது என்று சொல்லி, விழித்திரைப் புகைப்படம், ஓ.சி.டி., ஓ.சி.டி. ஆஞ்சியோ, எஃப்.எஃப்.ஏ., ஐ.சி.ஜி. என ஐந்து பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்கள். பயந்துபோய் எதையும் செய்யாமல் திரும்பிவிட்டோம். இன்னொரு மருத்துவர் ஓ.சி.டி. ஒன்றே போதும் என்கிறார். அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6, இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். சாயம் ஏற்றினால் சிறுநீரகம் கெட்டுவிடுமோ? நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடச் சொல்கிறார். இரண்டு கண்ணிலும் புரை வேறு ஆரம்பித்திருக்கிறது. புரையை எடுத்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாமா? எதுவானாலும் ஆடி முடியட்டும் என்கிறார் அம்மா. இவற்றில் எந்தப் பரிசோதனை உண்மையில் தேவை?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவின் ஆடி மாதக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்; உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். ஆடி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். புரை அறுவை சிகிச்சையை ஆவணிக்குத் தள்ளிவைப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஆரம்பப் புரை ஒரு மாதம் பொறுக்கும். ஆனால் நேற்றுவரை நேராக இருந்த ஜன்னல் கம்பி இன்று ஒரு கண்ணுக்கு மட்டும் வளைந்து தெரிகிறது என்றால், விழித்திரையின் நடுவில், மாகுலா என்று நாங்கள் சொல்லும் அந்தச் சிறிய இடத்தில், திசு தன் மட்டத்தை விட்டு எழும்பியிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். அதை எழுப்பியது நீரா, ரத்தமா, வேறு ஏதேனுமா என்று தெரிந்துகொள்ளும்வரை அது அவசரக் கணக்கில்தான் சேரும்.

மாகுலா சிதைவில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலர் வகை ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்வது. விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்னும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்வதில் தொடங்குவது. ஈர வகையில், விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தநாளப் படலத்திலிருந்து, இருக்கக் கூடாத புதிய நாளங்கள் முளைத்துக் கசியத் தொடங்குகின்றன. அந்தக் கசிவு சில வாரங்களிலேயே பார்வைச் செல்களைக் கெடுத்துத் தழும்பாக்கிவிடக்கூடும். தழும்பான இடத்துக்குப் பார்வையைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் இல்லை. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் கசிவை நிறுத்துவதில் நல்ல பலன் தருகின்றன, ஆனால் பார்வை எவ்வளவு மிச்சமிருக்கும்போது தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பது அமைகிறது. மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. எனவே இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கும் வாரத்திலேயே ஒரு ஓ.சி.டி. எடுத்தாக வேண்டும். மற்ற நான்கையும் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஐந்தையும் மொத்தமாக எழுதிக் கொடுத்த மருத்துவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஐந்துக்கும் விழித்திரை மருத்துவத்தில் இடம் இருக்கிறது. முதல் பரிசோதனையின் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே ஐந்தாவதையும் எழுதிவிடும் பழக்கத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பரிசோதனையை எழுதும்போதும் நான் எனக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்? எப்படி வந்தாலும் மாறாது என்றால், அந்தப் பரிசோதனை அன்றைக்குத் தேவையில்லை. இதே கேள்வியை நீங்களும் உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நன்றாக யோசித்து எழுதியவரால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஓ.சி.டி. இது என்னவென்று புரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். வயிற்று ஸ்கேனில் ஒலி அலையை அனுப்பி எதிரொலியை அளக்கிறார்கள் அல்லவா, இதில் ஒலிக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. ஊசி இல்லை, சாயம் இல்லை, கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை. 1991இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த முறை, எங்கள் துறையில் முன்பு யூகமாக இருந்த பலவற்றைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. இன்று பரவலாக இருக்கும் கருவிகள் 5 முதல் 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்டும். ஒரு தலைமுடியின் பருமன் அதைப்போல் பத்து மடங்கு இருக்கும். அம்மா செய்ய வேண்டியதெல்லாம், தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் குறியையே சில நொடிகள் பார்த்துக்கொண்டிருப்பதுதான். மையப் பார்வை கெட்ட கண்ணுக்கு அந்தக் குறியே சரியாகத் தெரியாமல் போகலாம். அப்படியானால் வெட்கப்படாமல் அதைச் சொல்ல வேண்டும். மற்ற கண்ணுக்கு வெளியே ஒரு சிறு விளக்கைக் காட்டிப் பார்வையை நிலைப்படுத்த முடியும்.

திரையில் வரும் படம், விழித்திரையை அல்வாத் துண்டு போல் நெடுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தது போல் இருக்கும். சாம்பல் நிறப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, நடுவில் ஒரு சிறு பள்ளம். அதுதான் நாம் எழுத்து படிக்கப் பயன்படுத்தும் இடம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிரகாசமான கோடு ஓடும். உலர் வகையில் அந்த அடிக்கோடு சிறுசிறு மேடுகளாகத் தெரியும், அவைதாம் ட்ரூசன். ஈர வகையில், கோரைப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்தால் பாய் எப்படி உப்பிக்கொண்டு நிற்குமோ, அப்படி விழித்திரை எழும்பி நிற்க, அதற்கு அடியில் கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். ஓ.சி.டி.யில் நீர் கறுப்பாகத்தான் தெரியும். ஜன்னல் கம்பியை வளைத்தது பெரும்பாலும் அந்தக் கறுப்பு இடைவெளிதான். அதை மருத்துவர் திரையில் காட்டும்போது, மருத்துவம் படிக்காத நீங்களும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ரயில்பெட்டித் தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தன் ஸ்டீல் ஸ்கேலை என் மேசைமேல் வைத்து, "சார், நாப்பது வருஷமா நேர்க்கோட்டைப் பாத்து வேலை செஞ்சவன் நான். ஸ்கேல் கோணல் இல்ல, என் கண்ணுதான் கோணல்" என்றார். அச்சிட்டு வந்த ஓ.சி.டி. தாளில் மையத்தின் வழியே போகும் வெட்டு சுத்தமாக இருந்தது, மையப் பகுதியின் சராசரிப் பருமனும் இயல்பான அளவில் இருந்தது. எனவே கண்ணாடியை மாற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து நாளில் அவர் மறுபடி வந்தபோது, பழைய பதிவைக் கணினியில் திறந்து வெட்டு வெட்டாக நகர்த்திப் பார்த்தேன். மையத்துக்குச் சற்றுக் கீழே, ஏழெட்டு வெட்டுகளில் மட்டும், நீர் அன்றைக்கே இருந்திருக்கிறது. கருவி அதைப் பிடித்து வைத்திருந்தது, பார்க்காதவன் நான்தான். அன்றிலிருந்து அச்சிட்ட தாளை வைத்து முடிவு சொல்வதில்லை. உங்கள் கையில் தரும் தாளில் ஒன்றிரண்டு வெட்டுகள்தாம் இருக்கும். கருவிக்குள் பல பத்து வெட்டுகள் இருக்கின்றன. மருத்துவர் அத்தனையையும் திரையில் ஓட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

அந்தத் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் இருக்கும். சிவப்பைப் பார்த்தவுடன் கலங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிறம், கருவிக்குள் இருக்கும் இயல்பான கண்களின் அளவுகளோடு உங்கள் அம்மாவின் அளவை ஒப்பிட்டுக் கருவியே போட்டுக்கொள்வது. கண் சற்று அசைந்திருந்தாலும், கருவி எல்லைக்கோட்டைத் தவறான இடத்தில் வரைந்திருந்தாலும், நல்ல கண்ணுக்கும் சிவப்பு வரும்; மையத்தைத் தள்ளிய சிறு நீர்த்தேக்கத்துக்குப் பச்சையும் வரும். இன்னொன்று: மாகுலாவின் பருமனை ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் சற்று வேறான எல்லைகளுக்கு இடையே அளக்கிறது. ஒரே நாளில், ஒரே கண்ணில், இரண்டு கருவிகள் தரும் எண்கள் சில பத்து மைக்ரான் வேறுபடுவது சாதாரணம். அடையாற்றில் ஒரு முறை, அண்ணாநகரில் ஒரு முறை என்று எடுத்து, 40 மைக்ரான் கூடிவிட்டது என்று பதறி வருபவர்கள் உண்டு. தொடர் சிகிச்சை தேவைப்பட்டால், முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே கருவியில் எடுங்கள்.

ஓ.சி.டி. எடுக்கும்போது இரண்டு கண்ணிலும் எடுக்கச் சொல்லுங்கள். தொந்தரவு வலது கண்ணில்தானே என்று இடது கண்ணை விட்டுவிடுவது தவறான சிக்கனம். வலது கண்ணில் தெரிவதற்கு என்ன பொருள் என்பதை இடது கண்ணில் பெரிய ட்ரூசன் இருக்கிறதா இல்லையா என்பதே பல நேரம் சொல்லிவிடும்; அதோடு இடது கண்ணில் பின்னால் எதுவும் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரமும் கிடைக்கும்.

விழித்திரைப் புகைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, வலி இல்லை, ஓ.சி.டி.யோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். ஓ.சி.டி.யில் ரத்தமும் வேறு சில படிவுகளும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். புகைப்படத்தில் ரத்தம் ரத்தமாகவே தெரியும். ட்ரூசனின் அளவையும் அதில் மதிப்பிடலாம்: 125 மைக்ரானுக்கு மேல், அதாவது பார்வை நரம்பின் விளிம்பைக் கடக்கும் பெரிய சிரையின் அகலத்துக்கு மேல் இருந்தால் அது பெரிய ட்ரூசன்.

இப்போது நீங்கள் பயப்படும் சாயப் பரிசோதனைகளுக்கு வருகிறேன். ஓ.சி.டி. நீர் இருக்கிறதா, எவ்வளவு, எந்த அடுக்கில் என்று சொல்லிவிடும். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதை எல்லா நேரமும் சொல்லாது. உங்கள் அம்மாவின் விஷயத்தில் இது வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோயால் விழித்திரையின் சொந்த நாளங்களே கசிந்து மாகுலா வீங்கலாம். வயது காரணமாக அடியிலிருந்து புது நாளம் முளைத்தும் நீர் வரலாம். விழித்திரைக்கு அடியிலுள்ள அந்த ரத்தநாளப் படலம், கோராய்டு என்போம், தடித்து, எந்தப் புது நாளமும் இல்லாமல் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கடைசி வகை வரும் வாய்ப்பு அதிகம், ஆகவே அம்மா சாப்பிடும் மாத்திரைகள், பூசும் களிம்புகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. பல கண்களில் ஓ.சி.டி.யும் நேர்ப் பரிசோதனையும் சேர்ந்தே வேறுபாட்டைக் காட்டிவிடும். காட்டாதபோது எஃப்.எஃப்.ஏ. தன் வேலையைச் செய்கிறது.

எஃப்.எஃப்.ஏ. என்பது ஃபுளோரசின் என்னும் சாயத்தைக் கைநரம்பில் ஏற்றி, அது விழித்திரை நாளங்களில் ஓடுவதைப் பத்து நிமிடம் தொடர்ந்து படமெடுப்பது. 1961இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை இது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருப்பதால் இதன் நல்லது கெட்டது இரண்டும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். வழக்கமான அளவு 500 மில்லிகிராம். ஏற்றிய முதல் நிமிடத்துக்குள் சிலருக்குக் குமட்டும், ஒரு சிலர் வாந்தி எடுப்பார்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று மூச்சு ஆழமாக இழுத்துவிடுவதற்குள் அது அடங்கிவிடும். சில மணி நேரம் தோல் மஞ்சளாகவும், ஒரு நாள் வரை சிறுநீர் அடர் மஞ்சளாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலையா என்று விசாரிப்பார். அதற்கும் தயாராக இருங்கள். அரிப்பும் தடிப்பும் சிலருக்கு வரும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக மிக அரிது, ஆனால் அறவே வராது என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது. அதனால் அவசர மருந்துகளும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

சிறுநீரகம் பற்றிய உங்கள் அச்சம் சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து வந்திருக்க வேண்டும். அது வேறு, இது வேறு. ஃபுளோரசினில் அயோடின் கிடையாது. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால், சிறுநீரகம் மெதுவாக வேலை செய்பவர்களுக்கு நிறம் போகக் கூடுதல் நேரம் ஆகும், மருத்துவர் அளவைக் குறைத்தும் ஏற்றுவார். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுப்பதாக அறியப்பட்டதில்லை. கிரியாட்டினின் 1.6 என்பது தடை அல்ல, சொல்ல வேண்டிய செய்தி. இறால் ஒவ்வாமையும் அப்படியே: உடம்பு தடிப்பது இறாலில் உள்ள புரதத்தால், அயோடினால் அல்ல. இருந்தாலும் ஒவ்வாமைச் சுபாவம் உள்ளவர் என்பதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரையோ, கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தோ பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள். ஒவ்வாமை வந்தால் அதற்குக் கொடுக்கும் சிகிச்சை சரியாக வேலை செய்வதை இவை தடுக்கக்கூடும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், அன்றைய சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை ஏதேனும் நிலுவையில் இருந்தால் சாயம் ஏற்றுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உடலில் மிஞ்சியிருக்கும் சாயம் சில அளவுகளைச் சில நாட்களுக்குக் குழப்பும்.

ஐ.சி.ஜி. என்பது பச்சைச் சாயம். இதைப் படமெடுக்கப் பயன்படும் அகச்சிவப்பு ஒளி, விழித்திரையின் நிறமிப் படலத்தையும் மெல்லிய ரத்தத் திரையையும் ஊடுருவி, அடியிலுள்ள கோராய்டு நாளங்களைக் காட்டும். ஈர வகைக்குள்ளேயே ஒரு தனி இனம் இருக்கிறது. பாலிப்பாய்டல் வாஸ்குலோபதி என்பார்கள், சுருக்கமாகப் பி.சி.வி. நாளத்தின் நுனியில் குருமிளகுக் கொத்துப் போல் சிறு முடிச்சுகள் உப்பியிருக்கும். வெள்ளையர்களைவிட நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் இது அதிகம் காணப்படுகிறது, அதனால் மேலைநாட்டுக் கையேட்டை மட்டும் படித்துவிட்டு ஐ.சி.ஜி. தேவையே இல்லை என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பி.சி.வி. என்று உறுதியானால், ஊசியோடு ஒளிக்கதிர்ச் சிகிச்சையையும் சேர்ப்பதா என்ற கேள்வி எழும். அதாவது பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடும். விழித்திரைக்கு அடியில் நிறைய ரத்தம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு முடிச்சு, ஓ.சி.டி.யில் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்தது போல் செங்குத்தாக எழும்பிய மேடு ஆகியவற்றைப் பார்த்தால் நான் முதலிலேயே ஐ.சி.ஜி. எழுதுவேன். இவை இல்லையென்றால் ஊசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் எதிர்பார்த்த அளவுக்கு நீர் வற்றாதபோது எழுதுவேன். முதலிலேயே எடுத்துவிடுவதை விரும்பும் சக மருத்துவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதே. இந்தச் சாயம் கல்லீரல் வழியாக வெளியேறுவதால் உங்கள் அம்மாவின் கிரியாட்டினின் இதற்குப் பொருட்டில்லை. ஆனால் இதில் சிறிதளவு அயோடைடு சேர்ந்திருக்கிறது. அயோடின் மருந்துக்கே ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சாயமே இல்லாமல் நாளங்களைப் பார்ப்பது ஓ.சி.டி. ஆஞ்சியோ. ஒரே இடத்தை அடுத்தடுத்து வேகமாக ஸ்கேன் செய்து, இரண்டு படங்களுக்கு இடையே எது மாறியதோ அது ஓடும் ரத்தம் என்று கணக்கிட்டு, கருவி நாளங்களின் வரைபடத்தைத் தருகிறது. புது நாளத்தின் வலை தெளிவாகத் தெரிந்துவிட்டால் எஃப்.எஃப்.ஏ.வைத் தவிர்த்துவிடலாம், உங்கள் அம்மா போன்றவர்களிடம் நான் முதலில் முயல்வது இதைத்தான். ஆனால் இது ஓட்டத்தைக் காட்டுமே தவிரக் கசிவைக் காட்டாது, ரத்தம் மிக மெதுவாக நகரும் பாலிப் முடிச்சுகளைத் தவறவிடவும் செய்யும், கண் சற்று அலைந்தாலே படம் கோடு கோடாகக் கிழிந்துவிடும். மேலடுக்கு நாளங்களின் நிழல் கீழடுக்கில் விழுந்து, இல்லாத நாளத்தை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. இதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் சீட்டில் இல்லாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஓ.சி.டி.யில் நீரே இல்லை, உலர் வகைதான், ஆனால் திசு திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறது என்று வந்தால், ஆட்டோஃபுளோரசன்ஸ் என்ற சாயமற்ற படம் உதவும். செத்த பகுதி கறுப்பாகவும், சில கண்களில் அதன் விளிம்பு பளிச்சென்றும் தெரியும். தேய்மானம் எந்த வேகத்தில் பரவுகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இதைவிட வசதியான படம் இல்லை. இப்போதைக்கு இதற்கு அவசரம் இல்லை.

உங்கள் அண்ணனிடம், அக்கறைக்கு நன்றி, எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளையையும் பார்வை நரம்பையும் பார்க்க அது அருமையான கருவி. மைக்ரான் கணக்கில் அடுக்கடுக்காக இருக்கும் மாகுலாவைப் பிரித்துக் காட்டும் நுட்பம் அதற்கு இல்லை. ஒரு கண்ணில் கோடு வளைந்து தெரிவது விழித்திரையின் அறிகுறி, ஓ.சி.டி.யும் அதைத்தான் காட்டும். பார்வைப் பரப்பில் ஒரு பக்கம் முழுவதும் இருண்டிருந்தாலோ, இரட்டைப் பார்வையோ, கை கால் பலவீனமோ இருந்தாலோ பேச்சு வேறு.

புரையை முதலில் எடுப்பதா? ஆரம்பப் புரை ஓ.சி.டி.க்குத் தடையில்லை, அகச்சிவப்பு ஒளி அதன் வழியே போய்விடும். முற்றிய புரையென்றால் படம் மங்கும். படத்தின் தரத்தைக் குறிக்கும் எண் தாளிலேயே இருக்கும், குறைவாக இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லலாம். கசிந்துகொண்டிருக்கும் மாகுலாவை அப்படியே விட்டுவிட்டுப் புரையை எடுத்தால், அறுவை சிகிச்சை நன்றாக நடந்தும் எழுத்து தெரியவில்லையே என்ற வருத்தம்தான் மிஞ்சும். கசிவு இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். பின்னர் புரைக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது, தூரமும் கிட்டமும் கண்ணாடி இல்லாமலே தெரியும் என்று சொல்லி விலை கூடிய மல்ட்டிஃபோகல் லென்ஸை யாரேனும் பரிந்துரைத்தால், மாகுலாவில் கோளாறு இருப்பதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அந்த லென்ஸ் வரும் ஒளியைப் பங்குபோடுவதால், ஏற்கெனவே தளர்ந்த மாகுலாவுக்கு எழுத்தின் அழுத்தம் இன்னும் குறைந்துபோகும். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸே அம்மாவுக்கு நல்லது.

ஆகவே உங்கள் அம்மாவுக்கு நான் எழுதியிருக்கக்கூடிய சீட்டு இப்படித்தான் இருக்கும்: இந்த வாரமே பார்வைத்திறன் அளவு, சொட்டு மருந்து போட்டு விழித்திரைப் பரிசோதனை, இரண்டு கண்ணுக்கும் ஓ.சி.டி., இரண்டு கண்ணுக்கும் புகைப்படம். அதே அமர்வில், வசதி இருக்கும் இடத்தில், வலது கண்ணுக்கு ஓ.சி.டி. ஆஞ்சியோ. நீர் இருந்து, புது நாளமும் சந்தேகமின்றித் தெரிந்தால், சாயப் பரிசோதனைக்காக ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் தொடங்கிவிடுவேன். காரணம் தெளிவில்லாமல் சர்க்கரையா வயதா என்று மயக்கம் இருந்தால் எஃப்.எஃப்.ஏ.; பி.சி.வி. அடையாளம் இருந்தால் ஐ.சி.ஜி. தனியார் மருத்துவமனைச் செலவு சுமையென்றால், 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

பரிசோதனை நாளில் பழைய சீட்டுகள், மாத்திரைப் பட்டியல், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் தாள், இப்போது போடும் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்தால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசியும் இருக்கும், அதனால் அம்மாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலம் ஏறாமல், ஆட்டோவில் கூட்டிச் செல்லுங்கள். ஒரு கறுப்புக் கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகளைத் தாளில் மட்டும் வாங்காமல், எல்லா வெட்டுகளும் அடங்கிய பதிவைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். அடுத்து யாரிடம் போனாலும் அதே படத்தை மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகும். அதுவரை தினமும் காலையில், படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி, அதே சமையலறை ஜன்னலை அம்மா பார்க்கட்டும். வளைவு கூடினாலோ, நடுவில் கறுப்புத் திட்டு விழுந்தாலோ, இடது கண்ணிலும் தொடங்கினாலோ, முன்பதிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.